மூளை நடத்தும் கோ-ஸ்லோவும் ஆறாவது அநீதியும்

போராட்டம் என்பது பட்டியலோடு தொடங்கும் தொழில். பட்டியல் இல்லாமல் கத்தினால் அதற்குப் பெயர் வெறும் சண்டை. ஆகவே பட்டியலை முதலில் வைக்கிறேன்.

முதலாவது அநீதி: சுரங்கக் கம்பெனி கட்டித் தந்த எங்கள் ஸ்கெலட்டன் லைன் வரிசை வீடுகளுக்கு நம்பர் போட்டார்கள், குடியிருப்பவன் பெயரை எழுதவில்லை. இரண்டாவது: லைனுக்கு ஒரு குழாய் வைத்தார்கள், அதையும் மேஸ்திரி வீட்டு வாசலில் வைத்தார்கள். மூன்றாவது: வீட்டு நம்பர்களை மாற்றினார்கள், எங்கள் கையில் இருந்த பழைய தாள் எதுவும் புதிய நம்பரோடு ஒட்டவில்லை. நான்காவது: சுரங்கத்தை மூடினார்கள். ஐந்தாவது: "வீடு உங்களுக்குத்தான்" என்று வாயால் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. ஆறாவது: எத்திராஜ் எங்கள் தொழிலாளர் சங்கத்தை இரண்டாக உடைத்தான். ஏழாவது: எங்கள் வீட்டுப் பைல் ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்குப் புறப்பட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை.

வரிசை முக்கியம். நம்பர் மாற்றியது முதலில், சுரங்கம் மூடியது பிறகு. இதை இடம் மாற்றிச் சொன்னால், சுரங்கம் மூடிய பிறகு யாரோ வந்து புது நம்பர் வீடுகளில் புகுந்துகொண்டார்கள் என்று அர்த்தமாகிவிடும். அப்புறம் நாங்கள் தொழிலாளிகள் அல்ல, ஆக்கிரமிப்பாளர்கள். ஒரு லைன் முழுக்க வீடு பறிபோகும். இருபது வருடமாக இந்த ஏழையும் தாளைப் பார்க்காமல் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். அதனால்தான் நான் செக்ரட்டரி.

எட்டாவது அநீதி நிர்வாகத்திடமிருந்து வரவில்லை. பார்க்கின்சன் என்று பெயர். ஊரில் "நடுக்க வியாதி" என்கிறார்கள். நடுக்கம் அதில் சின்ன விஷயம் என்பது இதைப் படிக்கும் நடுக்கத் தோழர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கல்முகம்

இந்த வியாதி முதலில் என் முகத்தைக் கைப்பற்றியது. சிரிப்பு வந்தாலும் முகம் சிரிக்காது. கண் இமைப்பது குறைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால், தபால் தலையில் போடுவதற்காக வரைந்த படம் மாதிரி இருந்தேன். என் மனைவி லோகா, "சாம்பார் எப்படி கீதுன்னு கேட்டா கோர்ட்டு மாதிரி பாக்கறீங்க" என்றாள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தொழிலுக்கு இது லாபம். முன்பெல்லாம் ஆபீசுக்குள் நுழையும்முன் கோபத்தை வரவழைக்க வாசலில் இரண்டு நிமிஷம் நிற்பேன். இப்போது அந்த உழைப்பு மிச்சம். ஒருநாள் பைல் விஷயமாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்த புது கிளார்க்குக்கு நன்றி சொல்லப் போனேன். உண்மையாகவே நன்றி சொல்லத்தான் போனேன். அவர் முன்னால் நின்று, குரல் எழும்புவதற்காகக் காத்திருந்தேன். என் குரலும் இப்போது உடனே வேலைக்கு வருவதில்லை. கிளார்க் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். எழுந்து போய், நான் எட்டு மாதமாகக் கேட்டும் கிடைக்காத பழைய வீட்டு நம்பர் ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"கோவப்படாதீங்க சார், ஜெராக்ஸும் நானே எடுத்துக் குடுக்கறேன்."

எழுத்து சுருங்கிய கதை

என் படிப்பு ஏழாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டுப் பிரசுரம். படித்ததும் அதில்தான், எழுதியதும் அதுதான். என் கையெழுத்து சுவரில் எழுதும் எழுத்து மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அகலம் இருக்கும். பஜாரில் அச்சகம் வைத்திருக்கும் தனபால் செட்டியார், என் எழுத்தைத் தெருவில் நின்றே படித்து கம்போஸ் பண்ணலாம் என்பார்.

வியாதி வந்த பிறகு எழுத்து சுருங்க ஆரம்பித்தது. முதல் வரி பழையபடி. மூன்றாவது வரியில் அரிசி அளவு. கடைசி வரியில் கடுகு. எழுதும்போது எனக்குத் தெரியவே தெரியாது; நான் பெரிதாகத்தான் எழுதுகிறேன் என்று கை எனக்குப் பொய் ரிப்போர்ட் கொடுக்கும். மூளை கைக்கு அனுப்பும் அளவு குறைந்துகொண்டே போகும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு, மேனேஜருக்கு ஒரு கணக்கு என்று சுரங்கத்து அண்டர்கிரவுண்டில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது.

பைல் பற்றிய கண்டன நோட்டீஸை தனபாலிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேல 'கண்டிக்கிறோம்'னு நல்லா கோவமாத்தான் ஆரம்பிக்கறீங்க செக்ரட்டரி, கீழ வரவர மன்னிப்பு கேக்கறா மாதிரி கீதே."

நான் நடத்தாத தர்ணா

வாசற்படி என்று ஒன்று வந்தால் என் கால் நின்றுவிடும். நடுக்கத் தோழர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனசு உள்ளே போய் உட்கார்ந்துவிடும், பாதம் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல் வெளியே நிற்கும். தண்டவாளத்துக் கட்டைகள்மேல் நடக்கச் சொன்னால் ஒவ்வொரு கட்டையாகத் தாண்டி நன்றாக நடப்பேன். சமதரையில் ஒரு வாசல் இருந்தால் முடிந்தது.

ஏழாவது அநீதியான பைலை விசாரிக்க, பென்ஷன்காரர்கள் ஆறு பேரோடு பெரிய ஆபீசுக்குப் போனேன். வாசலில் கால் நின்றது. நான் நின்றேன். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஒரு நிமிஷம் பார்த்தார்கள். செக்ரட்டரி ஏதோ முடிவு எடுத்துவிட்டார் என்று நினைத்து ஆறு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் "வேண்டும் வேண்டும், பட்டா வேண்டும்" என்று ஆரம்பித்தார். இல்லையப்பா, எனக்குக் கால் வரவில்லை என்று சொன்னேன். குரல் என் சட்டைப் பித்தானைத் தாண்டவில்லை. முகமும் கல்முகம். உள்ளேயிருந்து பார்த்தவர்களுக்கு, விட்டுக்கொடுக்கவே மாட்டான் இந்த ஆள் என்று தோன்றியிருக்க வேண்டும். பியூன் நாற்காலி கொண்டுவந்தார். உட்கார மறுத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டார். உட்காரவும் முடியவில்லை என்பதுதான் உண்மை.

ஒன்றரை மணி நேரத்தில் பெரிய அதிகாரியே வெளியே வந்து எழுத்தில் கொடுத்தார்: அடுத்த மாதம் எங்கள் லைன் வீடுகள் பற்றி நேர் விசாரணை, சங்கத்தின் சார்பில் ஒரே ஒருவர் பேசலாம். ஆறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். நான் அப்போதும் நகரவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று அதிகாரியின் முகம் வெளுத்தது. அந்த நேரத்தில்தான் ஆறாவது அநீதி அங்கே வந்து சேர்ந்தது. எத்திராஜ் தன் குடையை என் காலுக்கு முன்னால் குறுக்காகப் போட்டான். "தாண்டு" என்றான். தாண்டினேன். கால் விட்டது. அதன் பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கூடவே நடந்து வந்தான்.

"எங்க அண்ணனும் இப்டிதான் நின்னுடுவாரு மூர்த்தி. ஆனா அவருக்கு யாரும் கோஷம் போடல."

நூறிலிருந்து ஏழு

விசாரணையில் நான்தான் பேசுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மகள் கலைக்குத்தான் இருந்தது. அவள் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். "நைனா, பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை தலையை டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்று என்னையும் அதே ரயிலில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். இந்த வியாதியில் கைகால் மட்டுமல்ல, ஞாபகம், கவனம், வரிசையாக யோசிப்பது எல்லாம் மெல்ல மெல்லத் தளரலாம், எல்லாருக்கும் ஒரே வேகத்தில் அல்ல, அதனால் சில கேள்விகள் என்றார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார். தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதோடு நின்றது. குறைத்துக்கொண்டே போவதற்கு எங்கள் சங்கம் எப்போதும் ஒத்துக்கொண்டதில்லை, கூட்டச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு ஆறு, இரண்டு, பத்து என்று மூன்றே எண் எழுதினேன். மற்றதெல்லாம் எங்கே என்றார். ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதுவது இந்த மூன்று மணிக்குத்தான், மற்ற மணிகளால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? பிறகு ஒரு நிமிஷத்தில் 'ப' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னார். போராட்டம், பேரணி, பட்டா, பந்த், போராட்டம், பிரசுரம், போராட்டம் என்றேன். போராட்டம் ஒரு தடவைதான் கணக்கு என்றார். ஒரு தடவையில் எந்தப் போராட்டம் ஜெயித்திருக்கிறது?

மார்க் குறைவு. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் மறுபரிசீலனை கோரி ஐந்து அம்ச மனு எழுதி, கலை கையில் கொடுத்து அனுப்பி, பின்னாலேயே நானும் போனேன். டாக்டர் அதைப் பூதக்கண்ணாடி இல்லாமலே பொறுமையாக முழுக்கப் படித்தார்.

"மார்க்குக்கு அப்பீல் போட்ட முதல் பேஷண்ட் நீங்கதான் ஐயா. ஆனா இதுல ரெண்டாவது பாயிண்டும் நாலாவது பாயிண்டும் ஒண்ணுதான், பாத்தீங்களா?"

கோ-ஸ்லோ

பார்த்தேன். ஒன்றுதான். அந்த நிமிஷத்திலிருந்து வாதாடுவதை நிறுத்திவிட்டு, சொன்ன இடத்தில் படுத்தேன். தலையில் குல்லா மாட்டி, அதில் இருபது இடத்தில் ஒயர் செருகி, பசை தடவினார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தை எழுதிக் காட்டும் மிஷின் அது. முப்பது வருடம் தலையில் விளக்குத் தொப்பியும் இடுப்பில் பாட்டரியுமாகக் கேஜ் என்ற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினவன் நான், ஒயருக்குப் பயப்படவில்லை. "கண்ணை மூடிக்கோங்க, எதையும் யோசிக்காதீங்க, சும்னே இரி தாத்தா" என்றான் மிஷின்காரன். சும்மா இரு என்று கன்னடத்தில் சொல்கிறான். அப்படிச் சொன்னவர்களை எதிர்த்துத்தான் ஆயுள் முழுக்க நோட்டீஸ் போட்டேன்.

பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டினார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் அலைகள் ஒரு வேகத்தில் ஓட வேண்டுமாம். என்னுடையவை அதைவிட மெதுவாக ஓடுகின்றன. பார்க்கின்சன்காரர்களில் சிந்தனை தளர ஆரம்பிக்கிறவர்களிடம் இப்படி மெதுவாவதைப் பார்க்கிறோம், ஆனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது, டெஸ்ட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேலைக்கு வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், கருவியும் கையில்தான் இருக்கிறது, ஆனால் வேலை மட்டும் பாதி வேகத்தில் நடக்கிறது. இதற்குப் பெயர் கோ-ஸ்லோ. ஸ்ட்ரைக் அடித்தால் சம்பளம் போகும் என்றிருந்த காலத்தில், இந்த ஆயுதத்தைச் சுரங்கத்துக்குள் நாங்கள் வேலை செய்த லெவலில் அறிமுகப்படுத்தியதே நான்தான். இப்போது என் மண்டைக்குள்ளேயே நடத்துகிறார்கள், நான் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு மேனேஜர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன்: என்ன கோரிக்கை?

"கோரிக்கை ஒண்ணும் இல்லை ஐயா, அதான் கஷ்டமே. மாத்திரையை நேரம் தவறாம போடுங்க, தினமும் நடங்க, முக்கியமான வேலைக்குப் பக்கத்துல ஒரு ஆளை வச்சுக்கோங்க."

இடது தோளுக்குப் பின்னால் ஒருவர்

கொஞ்ச நாளாக, பட்டப்பகலில், என் இடது தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிற உணர்வு. திரும்பினால் யாரும் இல்லை. குழாயடியில் நிற்கிறார், கடைக்குப் போனால் கூட வருகிறார், சுரங்கத்துக் கழிவு மண்மேட்டைச் சுற்றி நடந்தால் அவரும் சுற்றுகிறார். உள்ளபடி சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாலிபத்தில், மறியல் நடந்த நாட்களில், மப்டியில் ஒரு போலீஸ்காரர் இதே இடைவெளியில் என் பின்னால் வருவார். நான் டீ குடித்தால் அவரும் டீ குடிப்பார். இவ்வளவு வயதாகியும் என்னைக் கண்காணிக்கிறார்கள் என்றால் நான் இன்னும் ஆபத்தானவன்தானே?

இதை லோகாவிடம் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன். அவள் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். வியாதியிலும் மாத்திரையிலும் இப்படி வருவது உண்டு, மறைக்காமல் சொன்னது நல்லது, மாத்திரை அளவைப் பார்க்கலாம் என்றாராம். போனை வைத்துவிட்டு லோகா என் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க போலீஸ்காரருக்கும் இந்நேரம் ரிடையர் ஆயிருக்கும், போங்க. அவரும் பட்டா கேக்கத்தான் வந்துகினு இருப்பாரு."

விட்டுப்போன ஆறாவது

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் சங்கக் கூட்டம். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்ட்டின் வாயிலிருந்து வந்தது. ஷிப்ட் முடிந்து கேஜ் மேலே வந்ததும், ஏறி வந்தவன் பெயரை டோக்கன் நம்பரோடு ஒருவர் உரக்கப் படிப்பார். வேறு கேங்கைச் சேர்ந்த இரண்டு பேர் "கேட்டது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்று கணக்கு. எங்கள் சங்கத்திலும் யாருக்குப் பொறுப்பு கொடுத்தாலும் இதே முறை. உறுப்பினர் அல்லாத இரண்டு சாட்சிகள் "கேட்டது" என்று சொன்னால்தான் அது செல்லும். சுரங்கம் மூடியும் இந்த வழக்கத்தை மூட எவராலும் முடியவில்லை.

அன்றைக்கு நான் எழுந்து பட்டியலைச் சொன்னேன். முதலாவது, இரண்டாவது சரியாக வந்தன. மூன்றாவதாகச் சுரங்கத்தை மூடினேன். நான்காவதாக நம்பரை மாற்றினேன். ஐந்தாவது சொன்னேன், ஏழாவது சொன்னேன், உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் எத்திராஜ் மட்டும் கைதட்டவில்லை.

எத்திராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகஜரில் யார் கையெழுத்து முதலில் என்ற தகராறில் சங்கத்தை உடைத்தவன் அவன். வீட்டுப் பிரச்சினைக்காக இரண்டு பாதியும் மறுபடி ஒட்டிக்கொண்டதிலிருந்து, எல்லாக் கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவான். நான் ஐந்தாவதைச் சொல்ல ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். ஆறாவது வந்ததும் போட்டுக்கொண்டு, திரும்பிச் சபையைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவான். கல்யாண வீட்டில் சம்பந்தியை அறிமுகப்படுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்தது துடைத்தபடி கையில் இருந்தது. எழுந்து நின்றான். "மூணும் நாலும் இடம் மாறிடுச்சு" என்றான். "அப்பறம், ஆறாவது என்னை விட்டுட்டே."

எனக்கு அவமானம். வேண்டுமென்றேதான் விட்டேன், பழசை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"மன்னிக்கறதா இருந்தா தீர்மானம் போட்டு மன்னி மூர்த்தி. மறந்துட்டு மன்னிச்சேன்னு சொல்லாதே."

பாலகாட்டில் பேச்சுவார்த்தை

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி. லோகா கூடத்தில் சுண்ணாம்பால் ஏழு கோடு போட்டாள். ஒரு கோட்டுக்கு ஒரு அநீதி, சொல்லித் தாண்ட வேண்டும். கால் ஏழையும் தாண்டியது. வாய் சில நாள் ஏழு சொன்னது, சில நாள் ஐந்து. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நான் பழைய செக்ரட்டரி; மூன்று மணி நேரத்தில் யாரோ. விசாரணை எந்த மணிக்கு என்று கேட்டால் "கூப்பிடுவோம்" என்றார்கள்.

டாக்டர் சொன்ன "பக்கத்தில் ஒரு ஆள்" யார் என்று யோசித்தேன். பட்டியல் முழுக்கத் தெரிந்தவன், தன் முறைக்காக இருபது வருடம் காது கொடுத்துக் காத்திருந்தவன் ஒருவன்தான். எங்கள் ஊரின் இன்னொரு பகுதியான பாலகாட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். பேசப்போவது நான்தான், நீ ஸ்பேராகப் பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். டீ கொடுத்தான். சும்மா கேட்கக்கூடாதே என்று ஒரு சலுகையும் சொன்னேன்: நீ வந்தால் ஆறாவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருபது வருசமா அந்த எடம் என்னுது. நான் குடுத்த டீயையும் குடிச்சிட்டு அதைக் காலி பண்ணச் சொல்றியா? இன்னா மனுசன்யா நீ!"

கேட்டது

விசாரணையின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரிசை பிசகாமல் பேச்சு நடந்தது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. நான் சொல்ல வருவது, பேச்சு தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிஷம்.

காலையில் கூப்பிடவில்லை. மதியமும் கூப்பிடவில்லை. மாத்திரையின் நல்ல நேரம் வராந்தா பெஞ்சிலேயே கரைந்தது. கூப்பிட்டபோது கை உதறிக்கொண்டிருந்தது. தன் இடத்தைக் காலி பண்ணாமலே ஸ்பேராக வந்திருந்த எத்திராஜ் வாசலில் குடையைப் போட்டான், தாண்டி உள்ளே போனேன். சங்கத்தின் சார்பில் பேசுகிறவர் பெயரை செக்ரட்டரி பதிவு செய்யலாம் என்றார் அதிகாரி. எங்கள் முறையைச் சொன்னோம், சரி என்றார். சாட்சிகளாக லோகாவும் அச்சகத் தனபாலும் எழுந்து நின்றார்கள். என் சட்டைப்பையில் தாள் தயாராக இருந்தது. அதில் இருந்தது என் பெயர். படித்தேன்.

தனபால் "கேட்..." என்று ஆரம்பித்துவிட்டார். "எனக்குக் கேக்கல" என்றாள் லோகா.

அவளுக்குக் காது மந்தமில்லை. அடுத்த லைனில் பால்காரர் சைக்கிள் மணி அடித்தால் இங்கிருந்து பாத்திரத்தோடு புறப்படுகிறவள். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை, அழுத்திச் சொன்னாள்: "கேக்கல. மறுபடி படிங்க."

மூச்சு வாங்குகிற சாக்கில் மனசுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். முதலாவது, நம்பர் போட்டார்கள். இரண்டாவது, குழாய். மூன்றாவது... அங்கே ஒரு வாசற்படி இருந்தது. மனசே இந்தப் பக்கம் நின்றுவிட்டது, தாண்டுவதற்குக் குடை எதுவும் இல்லை. பின்னால் பெஞ்சில் எங்கள் லைன் முழுக்க உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எத்திராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தாளை மடித்துப் பையில் போட்டேன். ஷாப்ட் வாயில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன். ஆச்சரியம், குரல் வந்தது. அதிகாரியின் மேஜையில் பேனா உருளும் அளவுக்கு வந்தது. "கேட்டது" என்றார் தனபால். "கேட்டது" என்றாள் லோகா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஆக, அநீதிகளை வரிசையாகப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவன், வரிசை கைவிட்ட நாளில், சாட்சிகள் முன்னால், எல்லார் காதிலும் விழும்படி எடுத்துப் படித்தது தன் பட்டியலின் ஆறாவது அநீதியைத்தான்: "டோக்கன் நம்பர் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு, வ. எத்திராஜ்!"